‘சீஸ்’ செய்தார்கள் என்றால் பொருள் போய்விட்டதா?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் ஒரே ஆங்கில வினைச்சொல் திரும்பத் திரும்ப வந்திருந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பற்றுதல், பிடித்தல் என்று பொருள்படும் ‘சீஸ்’ என்னும் அச்சொல்லை லாரி உரிமையாளரும், மெக்கானிக்கும், ஆசிரியையும், வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சரும் வெவ்வேறு பொருளில் சந்திக்கிறார்கள். பொருள் புரியாமல் போனால் மனக்கலக்கமும் பண இழப்பும் நேரக்கூடிய சொல் என்பதால், சில பதில்கள் சற்று நீளமாகவே அமைந்திருக்கின்றன.

கேள்வி (பர்கூர் வாசகர்): எங்கள் உறவினரின் லாரியை, நடைச்சீட்டு இல்லாமல் கல் ஏற்றி வந்ததாகக் கூறி அதிகாரிகள் பிடித்தார்கள். மறுநாள் நாளிதழில் ‘லாரி பறிமுதல்’ என்று செய்தி வந்தது. ஆனால் அவரிடம் கொடுத்த ஆங்கிலத் தாளில் ‘சீஸ்டு’ என்றுதான் இருக்கிறது. லாரி அரசுக்கே போய்விட்டது என்று வீட்டில் கலங்குகிறார்கள். இரண்டும் ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. வீட்டில் உள்ளவர்களிடம் இதை முதலில் சொல்லுங்கள். ‘சீஸ்’ என்பது ஒரு பொருளை அதிகாரி தம் பொறுப்பில் எடுத்துக்கொள்வது; அதற்குரிய தமிழ்ச் சொல் ‘கைப்பற்றுதல்’. அந்தப் பொருளின் மேல் உரிமையாளருக்கு இருந்த உடைமையை நீக்கி அதை அரசுக்கு உரியதாக்குவது ‘கன்ஃபிஸ்கேட்’. ‘பறிமுதல்’ என்பது இதற்குத்தான் பொருந்தும். முதலாவது, சாலையில் நிற்கும் அதிகாரி அந்த நேரத்திலேயே செய்வது. இரண்டாவது, விசாரணைக்குப் பிறகு அதிகாரம் பெற்ற நீதிமன்றமோ அலுவலரோ ஆணை பிறப்பித்த பின்பே நிகழ்வது.

உங்கள் உறவினரின் வழக்குக்குத் தொடர்புடைய சட்டத்திலேயே இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவில், உரிய அனுமதியின்றிக் கனிமம் ஏற்றிச் செல்லும் வாகனத்தை அதற்கென அதிகாரம் அளிக்கப்பட்ட அலுவலர் கைப்பற்றலாம் என்பது 4ஆம் உட்பிரிவு. அப்படிக் கைப்பற்றிய வாகனத்தை நீதிமன்றத்தின் ஆணையினால் பறிமுதல் செய்யலாம் என்பது அதை அடுத்து வரும் 4ஏ உட்பிரிவு. முதல் உட்பிரிவில் ‘சீஸ்’, அடுத்ததில் ‘கன்ஃபிஸ்கேட்’ என்று சட்டம் எழுதியவர்கள் சொல்லை மாற்றியிருப்பது தற்செயல் அன்று. முதல் படியில் இருக்கும் லாரியை நாளிதழ் இரண்டாம் படிக்கு ஏற்றிவிட்டது.

‘பறிமுதல்’ என்ற சொல் தலைப்பில் எடுப்பாக இருக்கிறது என்பதற்காக எல்லாச் செய்திகளிலும் அதையே இடுவதை நிறுத்த வேண்டும் என்று செய்தியாளர்களை இந்தப் பகுதியின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம். தேர்தல் காலத்தில் ஓசூர் எல்லையிலும் தொப்பூரிலும் பறக்கும் படையினர் வண்டிகளைச் சோதனையிட்டு, உரிய ஆவணமின்றி 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டு செல்லப்படும் பணத்தை எடுக்கிறார்கள். மாங்காய் வியாபாரியோ, பட்டுக்கூடு விற்றுவிட்டு வந்த விவசாயியோ கணக்கைக் காட்டினால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும்; இதற்கென்றே மாவட்ட அளவில் குழுவும் உண்டு. ஆனால் ‘பறிமுதல்’ என்று படித்தவர், பணம் போனது போனதுதான் என்று எண்ணி, குழுவிடம் முறையிடாமலேயே இருந்துவிடக்கூடும்.

உங்கள் உறவினர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கைப்பற்றியபோது எழுதிய மகஜரின், அதாவது கைப்பற்றிய விவரப் பதிவின், நகலையும், அதில் வண்டியின் நிலை, சக்கரங்கள், பேட்டரி, ஏற்றியிருந்த சுமை ஆகியவை சரியாகக் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். காவல்துறை கைப்பற்றும் பொருள்கள் குறித்து, 1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு பேசுகிறது; பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 102ஆம் பிரிவாக இருந்தது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்பது புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு. வழக்கு முடியும்வரை வண்டிகளைக் காவல் நிலைய வாசலில் துருப்பிடிக்க விடுவதால் யாருக்கும் பயனில்லை என்றும், தக்க பிணையும் உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு அவற்றை விடுவிப்பது குறித்து விரைந்து முடிவெடுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் 2002ஆம் ஆண்டிலேயே சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் கூறியிருக்கிறது. வண்டியை இடைக்காலமாக ஒப்படைக்கக் கோரும் மனுவைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்கட்டும். கனிம வழக்கில் அதற்குரிய நடைமுறையை அவரே சரியாகச் சொல்வார்.

கேள்வி (காரிமங்கலம் வாசகர்): தவணை கட்டாத பைக்கை ஃபைனான்ஸ்காரர்கள் தூக்கிச் செல்வதையும் ‘சீஸிங்’ என்கிறோம். ‘சீஸிங் வண்டி ஏலம்’ என்று விளம்பரமே வருகிறது. இது சரியான ஆங்கிலமா?

பதில்: நம் ஊர் வழக்கில் நன்றாக வேரூன்றிவிட்ட சொல், பேச்சில் அதைத் தவறென்று யாரும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கடன் கொடுத்தவர் வண்டியைத் திரும்ப எடுப்பதற்கு ‘ரீபொசெஸ்’ என்பதே உரிய சொல். கடிதத்திலோ புகாரிலோ எழுதும்போது இந்த வேறுபாடு முக்கியம். ஏனென்றால், ‘சீஸ்’ என்று எழுதினால் அரசு அதிகாரி சட்டத்தின் பேரில் எடுத்தார் என்ற தோற்றம் வந்துவிடும். ஃபைனான்ஸ்காரருக்கு இருப்பது ஒப்பந்தம் தந்த உரிமை மட்டுமே. சாவியைப் பிடுங்குவது, நடுச்சாலையில் வழிமறித்து இறக்கிவிடுவது போன்றவற்றுக்கு எந்த ஒப்பந்தமும் இடம் தராது. கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவுவதை உச்ச நீதிமன்றம் 2007இல் பிரகாஷ் கௌர் வழக்கில் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. வண்டியை எடுப்பதற்கு முன் தர வேண்டிய அறிவிப்பு, விற்பதற்கு முன் கடனைக் கட்ட அளிக்க வேண்டிய கடைசி வாய்ப்பு ஆகியவை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது நிதி நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த நெறி. எனவே புகார் எழுதுவோர் ‘சீஸ்’ என்ற சொல்லைத் தவிர்த்து, யார், எப்போது, எந்த அறிவிப்பும் தராமல் வண்டியை எடுத்துச் சென்றார்கள் என்று எழுதுவது நல்லது.

கேள்வி (பாப்பிரெட்டிப்பட்டி வாசகர்): அப்படியானால் ‘ஜப்தி’ என்பது ‘சீஸ்’ தானே?

பதில்: ஜப்தி என்று நாம் சொல்வது நீதிமன்ற ஆங்கிலத்தில் ‘அட்டாச்’, சட்டத் தமிழில் ‘பற்றுகை’. தீர்ப்புக் கடனை வசூலிக்க, கடனாளியின் சொத்தை விற்கவோ மாற்றவோ முடியாதபடி நீதிமன்றம் கட்டி வைப்பது அது. நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும், உழுபவர் உழுதுகொண்டிருப்பார், ஆயினும் அது பற்றுகையில் இருக்கலாம். நிலத்தை யாரும் கையில் எடுத்துச் செல்வதில்லை என்பதால் ‘சீஸ்’ அங்கே பொருந்தாது. அசையும் பொருள் என்றால் நீதிமன்ற ஊழியரான அமீனா நேரில் வந்து எடுப்பார். அதில் இரண்டு சொற்களும் நெருங்கி வருகின்றன. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவுப்படி, உடுத்தும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், உழவரின் ஏர்க்கருவிகள், பிழைப்புக்குத் தேவையான மாடுகள், விதைத் தானியம், மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. உழவர் குடும்பங்கள் இதை அறிந்திருப்பது நல்லது என்பதால் சேர்த்தே எழுதுகிறோம்.

கேள்வி (அரூர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி): இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் எப்போதும் குழப்புகிறது. உச்சரிப்பையும் சொல்லுங்கள்.

பதில்: எஸ், இ, ஐ, இசட், இ. ‘ஐ’ முன்னால், ‘இ’ பின்னால் என்று பள்ளியில் சொல்லித் தரும் விதிக்கு இது விலக்கு. இங்கே ‘இ’ முன்னால் வரும். இறுதியில் வருவது இசட்டின் அதிர்வொலி. அதைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாது. பாலில் செய்யும் சீஸும் இதுவும் தமிழில் எழுதும்போது ஒன்றாகவே தெரிகின்றன. ஆங்கிலத்தில் அதன் முதலொலி ‘ச்சீ’, இதன் முதலொலி ‘ஸீ’. பெயர்ச்சொல் ‘சீஷர்’. கோட்டை முற்றுகையைக் குறிக்கும் ‘சீஜ்’ வேறு சொல். அதில் ‘ஐ’ முன்னால் வரும்.

கேள்வி (ஓசூர், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்): பட்டறையில் ‘இன்ஜின் சீஸ்’ என்கிறார்கள். போலீஸ் சீஸ் செய்வதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? பயிற்சி ஏட்டில் ‘தி இன்ஜின் வாஸ் சீஸ்டு’ என்று எழுதினேன். ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

பதில்: உங்கள் ஆசிரியர் சுழித்தது சரியே. இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது இந்த வினைக்குச் செயப்படுபொருள் கிடையாது. ‘தி இன்ஜின் சீஸ்டு’ அல்லது ‘சீஸ்டு அப்’ என்று எழுத வேண்டும். இன்ஜின் தானே இறுகி நின்றுவிட்டது என்பது பொருள். நீங்கள் எழுதிய ‘வாஸ் சீஸ்டு’ என்பதைப் படிப்பவர், இன்ஜினை யாரோ அதிகாரி எடுத்துச் சென்றுவிட்டார் என்றுதான் புரிந்துகொள்வார். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் இப்படி ஒரு ‘வாஸ்’ நுழைந்துவிட்டால், வீண் விளக்கங்கள் கேட்டுக் கடிதம் திரும்பி வரும்.

தொடர்பு பற்றுதல்தான். உலோகம் உலோகத்தைப் பற்றிக்கொள்கிறது. பல இன்ஜின்களில் பிஸ்டன் அலுமினியக் கலவை, அது ஓடும் சிலிண்டரின் உட்சுவர் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். அதற்காகவே இரண்டுக்கும் நடுவே மயிரிழை போன்ற இடைவெளி விட்டு, அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்குமாறு அமைக்கிறார்கள். ஆயில் குறைந்துவிட்டாலோ, ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிச் சூடு எல்லை மீறினாலோ, பிஸ்டன் விரிந்து அந்த இடைவெளியை மூடிவிடுகிறது. படலம் கிழிந்த இடத்தில் உலோகங்கள் நேராக உரசி, ஒன்றின் துகள் மற்றொன்றில் ஒட்டிக்கொண்டு, கடைசியில் கிராங்க் திரும்ப மறுக்கிறது. இன்ஜினைப் பிரித்தவுடன் சிலிண்டரின் உட்சுவரில் மேலிருந்து கீழாகக் கோடுகள் தெரியும். ‘போரில் கோடு விழுந்துவிட்டது’ என்று மெக்கானிக் சொல்வது அதைத்தான்; ‘போர்’ என்பது சிலிண்டரின் உட்துளை. கோடு லேசாக இருந்தால் போர் கடைந்து, அளவு கூடிய பிஸ்டன் போடலாம். ஆறிய பின் மறுபடி ஓடுகிறதே என்று அப்படியே ஓட்டுவது தவறு. பட்டறையில் ‘ஹாஃப் சீஸ்’ என்று சொல்லும் அந்த நிலையில் கவனிக்காமல் விட்டால், அடுத்த முறை, பிஸ்டனைக் கிராங்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வரை சேதம் போகும்.

ஆழ்துளைக் கிணற்று மோட்டார் மணல் புகுந்து நிற்பதை நம் விவசாயிகள் ‘ஜாம்’ என்பார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ‘சீஸ்டு’ பொருந்தும். துருப்பிடித்துத் திரும்பாத நட்டுக்கும் பொருந்தும். தமிழில் எழுதும்போது ‘இறுகிவிட்டது’ அல்லது ‘பிடித்துக்கொண்டது’ என்பதே போதும். ‘பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு’ என்று பட்டறையில் சொல்வது, எந்த அகராதிச் சொல்லைவிடவும் துல்லியமானது.

கேள்வி (பென்னாகரம், ஆசிரியை): எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் மருத்துவச் சீட்டில் ‘சீஷர்’ என்று எழுதியிருந்தது. போலீஸ் விவகாரமோ என்று அவனுடைய பாட்டி பயந்துவிட்டார். இந்தப் பெயர் எப்படி வந்தது?

பதில்: அந்தப் பாட்டியிடம், அது வலிப்பைக் குறிக்கும் சொல் என்று சொல்லுங்கள். மூளையின் நரம்புச் செல்களில் மின் செயல்பாடு திடீரென்று கட்டுமீறும்போது, உடல் தன் வசத்தில் இல்லாமல் போகிறது. ஏதோ ஒன்று ஆளைப் பற்றிப் பிடித்ததுபோல் தோன்றுவதால் ஆங்கிலத்தில் இப்பெயர் வந்தது. ‘எபிலெப்சி’ என்ற நோய்ப் பெயரும், பற்றிப் பிடித்தல் என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து வந்ததே. இரண்டும் ஒன்றல்ல என்பதையும் பாட்டிக்கு விளக்குங்கள். சீஷர் என்பது ஒருமுறை நிகழும் வலிப்பு; எபிலெப்சி என்பது அது மீண்டும் மீண்டும் வரும் தன்மையுள்ள நோய். கடும் காய்ச்சலில் சிறு குழந்தைக்கு ஒருமுறை வலிப்பு வந்தது என்பதற்காகக் குழந்தைக்கு அந்த நோய் இருப்பதாக ஆகிவிடாது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறோம். வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு வந்தால், கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்க விடாதீர்கள். அதனால் பயன் இல்லை. வாயில் கரண்டியோ துணியோ வைக்கக் கூடாது. தண்ணீர் புகட்டக் கூடாது. கை கால்களை அழுத்திப் பிடிக்கவும் கூடாது. பக்கத்தில் உள்ள பெஞ்சை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் மென்மையான ஏதேனும் ஒன்றை வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் அடங்கிவிடும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் அடுத்த வலிப்பு வந்தாலோ, உடனே 108க்கு அழைக்க வேண்டும். பிள்ளைக்கு வந்த முதல் வலிப்பு என்றால் விரைவில் அடங்கினாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கேள்வி (கிருஷ்ணகிரி, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): கேட்ச், கிராப், ஸ்னாட்ச், கேப்சர், சீஸ் எல்லாமே பிடித்தல்தான் என்றால், எதை எங்கே எழுதுவது? ‘1792இல் ஆங்கிலேயர் கிருஷ்ணகிரிக் கோட்டையை சீஸ் செய்தனர்’ என்று கட்டுரையில் எழுதலாமா?

பதில்: எழுதக் கூடாது; இலக்கணத்தைவிட வரலாறே அதைத் தடுக்கிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது, 1791இல் ஆங்கிலேயப் படை இராயக்கோட்டையைத் தாக்கிப் பிடித்தது; அங்கே ‘சீஸ்டு’ அல்லது ‘கேப்சர்டு’ என்று தாராளமாக எழுதலாம். அதே ஆண்டின் இறுதியில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையின் மேல் தொடுத்த தாக்குதல் தோற்றது. உங்கள் ஊருக்கு மேலே நிற்கும் அந்தப் பாறையை நோக்கி ஏறியவர்கள், மேலிருந்து உருட்டிவிட்ட கற்களுக்கு முன் நிற்க முடியாமல் இறங்கினார்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் நம் பகுதியை உள்ளடக்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தபோது, கிருஷ்ணகிரியும் அதனுடன் போயிற்று. அதற்குரிய வினை ‘சீட்’, அதாவது விட்டுக்கொடுத்தல். ஒலியில் இவ்வளவு நெருங்கி, பொருளில் நேரெதிராக நிற்கும் இவ்விரு சொற்களைத் தேர்வில் மாற்றி எழுதினால் மதிப்பெண் போவது உறுதி. அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோவும் இங்கே வரி நிர்வாகத்தைத் தொடங்கியது, இந்த உடன்படிக்கைக்குப் பிறகுதான்.

மற்ற சொற்களை நம் பக்கத்து எருது விடும் விழாவை வைத்தே பிரித்துக்கொள்ளலாம். ஓடி வரும் எருதைப் பிடித்து நிறுத்துவது ‘கேட்ச்’. நகர்ந்துகொண்டிருப்பதைப் பிடிக்கும்போது அச்சொல் வரும். விழாமல் இருக்க அருகிலுள்ள மூங்கில் தடுப்பை அவசரமாகப் பற்றுவது ‘கிராப்’. கொம்பில் கட்டியிருக்கும் பரிசுத் தட்டியை ஓடும் வேகத்தில் பறிப்பது ‘ஸ்னாட்ச்’. போராடி வென்று தன்வசப்படுத்துவது ‘கேப்சர்’. ‘சீஸ்’ என்பதில் வலிமையும் உறுதியும் சேர்ந்திருக்கும். பல வேளைகளில் அதிகாரமும் பின்னால் நிற்கும். அதனால்தான் ‘ஆட்சியைக் கைப்பற்றினார்’ என்பதற்கு ‘சீஸ்டு பவர்’ என்கிறார்கள். அங்கே ‘காட் பவர்’ என்று ‘கேட்ச்’ வினையைப் போட்டால் ஆங்கிலமே ஆகாது. ஆளைப் பிடித்ததற்குப் போலீஸ் செய்திகளில் ‘அரெஸ்ட்’ வரும், அவரிடமிருந்த பொருளுக்குத்தான் ‘சீஸ்’ வரும்.

கேள்வி (தருமபுரி, வழக்கறிஞர் அலுவலகத் தட்டச்சர்): தகவல் உரிமைச் சட்டத்தில் எங்கள் கட்சிக்காரர் கேட்ட கேள்விக்கு, ‘தி ஹை கோர்ட் இஸ் சீஸ்டு ஆஃப் தி மேட்டர்’ என்று ஓர் அலுவலகம் பதில் அனுப்பியது. நீதிமன்றம் கோப்பைக் கைப்பற்றிவிட்டது என்று மொழிபெயர்த்துவிட்டேன். சரியா?

பதில்: அதை மாற்றி எழுதிவிடுங்கள். ‘இவ்விவகாரம் உயர் நீதிமன்றத்தின் விசாரணையில் உள்ளது’ என்பதே பொருள். கோப்பு அதே அலுவலகத்து அலமாரியில்தான் இருக்கும். இந்தப் பதிலை நம்பிக் கட்சிக்காரர் அதைத் தேடி நீதிமன்றத்துக்கு அலைய வேண்டாம்.

இந்தச் சொல்வழக்கு மிகப் பழையது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது, இவ்வினைக்கு ஒருவருக்கு நிலத்தின் உடைமையைக் கொடுத்தல் என்ற பொருளும் இருந்தது. நிலத்தின் அனுபோக உடைமைக்கு ‘சீசின்’ என்று பெயர். விற்பவர் அந்த நிலத்தின் மண்கட்டியையோ மரக்கிளையையோ சாட்சிகளின் முன்னால் வாங்குபவரின் கையில் கொடுப்பார். அத்துடன் உடைமை மாறிவிடும். நிலம் பெற்றவரை ‘சீஸ்டு ஆஃப்’ என்றார்கள். நிலச் சட்டத்தில் இப்பொருளில் வரும்போது, இசட்டுக்குப் பதில் எஸ் எழுதும் வழக்கம் இன்றும் உண்டு. ஒரு விவகாரம் தன்முன் வரப்பெற்ற நீதிமன்றத்தையும் பின்னர் அதே சொல்லால் குறித்தார்கள். பிடுங்குதல் என்ற பொருளை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு இத்தொடரைப் படிப்பவர் யாராயினும் தடுமாறவே செய்வார்.

கேள்வி (ஊத்தங்கரை வாசகர்): ‘சீஸ் ஆன்’, ‘சீஸ்டு வித் ஃபியர்’ இவற்றுக்குத் தமிழில் என்ன எழுதலாம்?

பதில்: எதிராளியின் பேச்சில் ஒரு சொல் கிடைத்தவுடன் அதையே பிடித்துக்கொண்டு வாதாடுவது ‘சீஸ் ஆன்’ அல்லது ‘சீஸ் அப்பான்’. ‘அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்’ என்று எழுதினால் பொருள் முழுவதும் வந்துவிடும். மற்றதற்கு ‘அச்சம் பீடித்தது’ என்பது எழுத்து வழக்கு, ‘பயம் பிடித்துக்கொண்டது’ என்பது பேச்சு வழக்கு. ‘அச்சத்தால் கைப்பற்றப்பட்டார்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கிறோம். அப்படி எந்தத் தமிழரும் பேசுவதில்லை. வாய்ப்பைக் குறித்து வரும் ‘சீஸ் தி ஆப்பர்ச்சூனிட்டி’ என்பதற்கு, ‘கிடைத்த வாய்ப்பை விடாமல் பயன்படுத்திக்கொண்டார்’ என்று எழுதுங்கள். அதில் பற்றுதல், பிடித்தல் எதையும் வலிந்து நுழைக்க வேண்டியதில்லை.